சொற்சீட்டும் கட்டளைவரியும்: புனேயின் உரையாய்வு மரபில் யூனிக்ஸின் இடம்

புனேயின் எரவாடாப் பகுதியிலுள்ள டெக்கான் கல்லூரியில் இரும்புப் பெட்டகங்கள் வரிசையாக நிற்கும் கூடம் ஒன்று உண்டு. பெட்டகங்களின் இழுப்பறைகளில் காகிதச் சீட்டுகள் நெருக்கி அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு சமஸ்கிருதச் சொல், அது பயின்றுவரும் தொடர், நூலின் பெயர், இடம் காட்டும் எண் ஆகியவை இருக்கும். இருக்குவேதம் தொடங்கிப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையிலான ஏறத்தாழ 1,500 நூல்களிலிருந்து எடுக்கப்பட்ட இச்சீட்டுகள் ஒரு கோடி அளவில் உள்ளன. 1948இல் எஸ். எம். கத்ரே தொடங்கிவைத்த வரலாற்றுமுறைச் சமஸ்கிருதப் பேரகராதித் திட்டத்தின் கருவூலம் இது. முதல் தொகுதி 1970களின் பிற்பகுதியில் வெளிவந்தது. அதன்பின் முப்பதுக்கு மேற்பட்ட தொகுதிகள் வந்துவிட்டன. ஆயினும் அகரத்தில் தொடங்கும் சொற்களே இன்னும் முடிந்தபாடில்லை.

இக்கூடத்தில் நடந்த பணியைச் செயல்களாகப் பிரித்துப் பார்த்தால் அவை மிகச் சில என்பது விளங்கும். நூலைப் படித்து வேண்டிய சொல் வரும் தொடரைப் பிரித்தெடுத்தல், எடுத்தவற்றை அகர வரிசையில் அடுக்குதல், ஒரே சொல்லுக்குரியவற்றைச் சேர்த்தல், இரட்டிப்பானவற்றை நீக்குதல், எஞ்சியவற்றை எண்ணுதல் என்பனவே அவை. ஐந்தும் எளியவை. ஒரு கோடி முறை பிழையின்றிச் செய்யவேண்டும் என்பதே கடினம். இடம் மாறி வைக்கப்பட்ட சீட்டு எரிந்துபோன சீட்டுக்குச் சமம், ஏனெனில் அதை எவரும் மீண்டும் கண்டெடுக்கப் போவதில்லை.

அதே நகரில் 1917இல் நிறுவப்பட்ட பண்டார்க்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தில் இன்னொரு வகைப் பணி நடந்தது. 1919இல் தொடங்கி 1966இல் முடிவுற்ற மகாபாரதச் செம்பதிப்புக்காக 1,259 சுவடிகள் ஆராயப்பட்டன. 1925இல் பொதுப்பதிப்பாசிரியர் பொறுப்பேற்ற வி. எஸ். சுக்தங்கர் ஒப்பீட்டு முறையை ஆதிபருவத்தின் முன்னுரையில் விரிவாக விளக்கியுள்ளார். நெடுக்கும் குறுக்கும் கோடிட்ட தாளின் தலைப்பில் வழக்கிலிருந்த பாடம் எழுதப்படும். அதன்கீழ் ஒவ்வொரு சுவடிக்கும் ஒரு வரி ஒதுக்கப்படும். சுவடியின் பாடம் மாறுபடும் இடத்தில், மேலுள்ள பாடத்துக்கு நேர்கீழே, எழுத்தெழுத்தாக அந்த வேறுபாடு பதியப்படும். தென்னாட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்குத் தஞ்சாவூர் சரசுவதி மகாலும் துணை நிலையமாக இருந்தது. செம்பதிப்பின் பக்க அடியில் கிரந்தச் சுவடிகளுக்கெனத் தனிக் குறியீடு இருப்பதை இன்றும் காணலாம்.

சீட்டுக் கூடத்துக்கும் ஒப்பீட்டுத் தாளுக்கும் பொதுவான பண்பு ஒன்று உண்டு. அறிஞர் தம் முடிவை மட்டும் தருவதில்லை, முடிவுக்கு வந்த வழியையும் விட்டுச்செல்கிறார். சுக்தங்கரின் தேர்வை ஏற்காதவர் அடிக்குறிப்பிலுள்ள பாடபேதங்களைக் கொண்டு வேறொரு பாடத்தைக் கட்டிக்கொள்ளலாம். அகராதியின் பொருள்கோளை ஐயுறுபவர் சீட்டிலுள்ள எண்ணைப் பிடித்து மூலநூலுக்குச் செல்லலாம். உரையாய்வின் நேர்மை இங்கேதான் நிற்கிறது.

*

இன்று மொழியியல், இலக்கியத் துறைகளில் ஆய்வில் சேரும் மாணவர்க்குக் கணினியின் கட்டளைவரி அந்நியமானதாகத் தோன்றுகிறது. கறுப்புத் திரையும் மின்னும் குறியும் பொறியாளருக்கு உரியவை, தமக்கு அல்ல என்று பலரும் ஒதுங்கிவிடுகின்றனர். யூனிக்ஸின் தொடக்க வரலாறு இந்த எண்ணத்துக்கு நேர்மாறானது.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1969இல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை உருவாக்கத் தொடங்கினர். அவர்களுக்கு ஒரு நல்ல கணினி தேவைப்பட்டது. இயக்குதளம் எழுதுவதற்கென்று கேட்டால் நிர்வாகம் தராது. உரைகளைத் தட்டச்சிட்டுத் திருத்தி வடிவமைக்கும் அமைப்பு ஒன்றை உருவாக்கித் தருவதாகச் சொன்ன பிறகே புதிய கணினி வாங்கப்பட்டது. 1971இன் பிற்பாதியில் ஆய்வகத்தின் காப்புரிமைத் துறையைச் சேர்ந்த மூன்று தட்டச்சர்கள் நாள்தோறும் அதில் விண்ணப்பங்களை அடித்துத் திருத்திவந்தனர் என்று ரிட்சி பதிவுசெய்துள்ளார். யூனிக்ஸை உருவாக்கியவர்களுக்கு வெளியே அதை முதன்முதலில் அன்றாடம் பயன்படுத்தியோர் கணிதரோ பொறியாளரோ அல்லர், உரையோடு உழன்ற தட்டச்சர்கள்.

கிரெப் என்னும் கட்டளையின் பிறப்பும் ஓர் உரையாய்விலிருந்து வந்ததே. பெல் ஆய்வகத்தில் இருந்த லீ மக்மோகன் உளவியல் பயின்று மொழியாய்வில் ஈடுபட்டவர். 1787–88இல் அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்துப் புனைபெயரில் எழுதப்பட்ட 85 கட்டுரைகளில் சிலவற்றை எழுதியவர் யார் என்னும் பழைய வழக்கைச் சொல்லாட்சி கொண்டு ஆராய அவர் விரும்பினார். தாம்சன் எழுதிய ஈடி என்னும் உரைத்திருத்தியில் ஒரு வடிவத்தைக் கொடுத்து, அது வரும் வரிகளை மட்டும் அச்சிடச் செய்ய முடியும். ஆனால் கட்டுரைத் தொகுதி முழுவதையும் ஈடி ஒருசேரக் கொள்ளாது. எனவே அந்தத் தேடும் உறுப்பை மட்டும் தாம்சன் தனிநிரலாக்கினார். ஈடியில் அச்செயலுக்கு இட்டுவந்த கட்டளையின் எழுத்துகளே சேர்ந்து கிரெப் என்னும் பெயராயின. திருத்தியைத் திறக்காமலே வரிவரியாக உரையை மாற்றும் செட் என்னும் கருவியைப் பின்னர் எழுதியவரும் இதே மக்மோகன்தான். ஆசிரியர் யார் என்று துப்பறியும் நூலாய்வுச் சிக்கலே உலகெங்கும் எண்ணற்ற கணினிகளில் இன்று இருக்கும் ஒரு கருவிக்கு வித்தாயிற்று.

1973இல் குழாய் என்னும் இணைப்பு முறை சேர்ந்தது. ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொரு நிரலுக்கு உள்ளீடாகத் திருப்பிவிட வேண்டும் என்று டக் மக்கில்ராய் 1964 முதலே வலியுறுத்திவந்தார். சிறு கருவிகள் பலவற்றைத் தோட்டக் குழாய்களைப் போல ஒன்றோடொன்று திருகி நீளமாக்கும் முறை இது. இரு கோப்புகளின் வேறுபாட்டை வரிவரியாகக் காட்டும் டிஃப் கட்டளையும் மக்கில்ராயின் பணியில் உருவானதே. புனேயின் ஒப்பீட்டுத் தாளைக் கண்டவர்க்கு டிஃப் என்ன செய்கிறது என்பதை விளக்கவேண்டியதில்லை.

புதிதாகக் கற்போருக்கான நூல்களும் உடனே வந்தன. பிரையன் கெர்னிகன் 1970களில் யூனிக்ஸ் தொடக்கநிலைக் கையேட்டையும், ஈடி உரைத்திருத்திக்கான தனிப் பாடத்தையும் எழுதினார். கோப்பை உருவாக்குதல், திருத்துதல், சேமித்தல் என்பவை முதற்பாடமாயின. நிரல் எழுதுதல் அதற்குப் பின்னரே.

*

தொடக்கநிலை மாணவர் கற்கவேண்டியது உண்மையில் எவ்வளவு? தாம் எந்த அடைவில் இருக்கிறோம் என்று அறிய ஒரு கட்டளை, அதிலுள்ள கோப்புகளைப் பட்டியலிட ஒன்று, வேறு அடைவுக்குச் செல்ல ஒன்று, படியெடுக்க ஒன்று, நீக்க ஒன்று வேண்டும். கோப்பைத் திறந்து திருத்த ஏதேனும் ஓர் உரைத்திருத்தி வேண்டும். நானோ எளிது. பில் ஜாய் 1976இல் எழுதிய விஐ பழகச் சில நாட்கள் பிடிக்கும். இவற்றுக்கு மேல் உரையாய்வுக்கென ஐந்தாறு கட்டளைகள் போதும். தேடக் கிரெப், வரிசைப்படுத்தச் சார்ட், அடுத்தடுத்து வரும் ஒரேவிதமான வரிகளை ஒன்றாக்கி எண்ண யூனிக், வரி, சொல், எழுத்து ஆகியவற்றை எண்ண டபிள்யூசி, ஓர் எழுத்தை இன்னோர் எழுத்தாக மாற்ற டிஆர். டெக்கான் கல்லூரிக் கூடத்தின் ஐந்து செயல்களோடு இவற்றை ஒப்பிட்டால் ஏறத்தாழ ஒன்றுக்கொன்று பொருந்திவிடும்.

மொழியாய்வாளருக்காகவே இப்பாடத்தை அமைத்தவர் கென்னத் சர்ச். கவிஞர்களுக்கான யூனிக்ஸ் என்று பெயரிட்டு 1990களில் அவர் நடத்திய வகுப்பின் முதற்பயிற்சி, ஆங்கில விவிலியத்தின் தொடக்கநூலிலுள்ள சொற்களை எண்ணுவது. டிஆர் கொண்டு உரையை வரிக்கு ஒரு சொல்லாக உடைத்து, சார்ட்டுக்கு அனுப்பி, யூனிக்கால் எண்ணி, மீண்டும் சார்ட்டால் இறங்குவரிசையில் அடுக்கினால் சொல்வழக்கு அட்டவணை கிடைத்துவிடும். நான்கு கட்டளைகள், மூன்று குழாய்கள், ஒரே வரி.

புனேயின் மகாபாரதமும் இவ்வுலகுக்குள் வந்தது. செம்பதிப்பின் பாடத்தை ஜப்பானின் கியோட்டோவில் முனேயோ தொகுனாகா கணினியில் ஏற்றினார். கேம்பிரிட்ஜின் ஜான் ஸ்மித் அதைச் செம்மைப்படுத்தினார். அக்கோப்பில் ஒவ்வோர் அடியின் முன்னும் எட்டு இலக்கங்கள் உள்ளன. முதலிரண்டு பருவத்தையும், அடுத்த மூன்று அத்தியாயத்தையும், கடைசி மூன்று சுலோகத்தையும் குறிக்கும். 06023001 என்றால் பீஷ்மபருவம், 23ஆம் அத்தியாயம், முதற்சுலோகம். பகவத்கீதை தொடங்கும் இடம் அதுவே. 06023 முதல் 06040 வரையிலான எண்களில் தொடங்கும் வரிகளை மட்டும் எடு என்று கிரெப்புக்குச் சொன்னால் கீதையின் பதினெட்டு அத்தியாயங்களும் தனியே வந்து நிற்கும். வரிதோறும் இடம் காட்டும் எண் இருப்பதால் தேடிக் கிடைக்கும் ஒவ்வொரு வரியும் தானே ஒரு சொற்சீட்டாகிவிடுகிறது.

*

இதுவரை எல்லாம் நேராகவே நடக்கிறது. தமிழ் உரையைக் கையில் எடுக்கும்போதுதான் கருவிக்குள் மறைந்திருக்கும் முடிவுகள் வெளிப்படுகின்றன.

1998இல் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தின் நூல் ஒன்றை இறக்கிக்கொண்டு, சர்ச்சின் முதற்பயிற்சியை ஒரு மாணவர் அப்படியே இட்டால் தமிழ்ச்சொல் ஒன்றுகூட மிஞ்சாது. ஆங்கில நெடுங்கணக்கில் இல்லாத அனைத்தையும் வரிமுறிவாக மாற்று என்பது அப்பயிற்சியின் கட்டளை. தமிழ் எழுத்து எதுவும் ஆங்கில நெடுங்கணக்கில் இல்லை. சொற்களுக்கிடையேயுள்ள வெற்றிடத்தை மட்டும் வரிமுறிவாக்கச் சொன்னால் சிக்கல் தீரும். இது எளிய பிழை, உடனே கண்ணில் படும்.

கண்ணில் படாதவையே ஆபத்தானவை. தமிழ் என்னும் சொல்லைக் கொடுத்து டபிள்யூசியிடம் எழுத்துகளை எண்ணச் சொன்னால் ஐந்து என்கிறது. பைட்டுகளை எண்ணச் சொன்னால் பதினைந்து. தமிழ் இலக்கணப்படி எழுத்து மூன்றே. யூனிகோடு தகரத்தையும் மகரத்தையும் இகரக் குறியையும் ழகரத்தையும் புள்ளியையும் தனித்தனிக் குறியெண்களாகக் கொள்வதால் ஐந்து. 1992 செப்டம்பரில் நியூஜெர்சி உணவகம் ஒன்றின் மேசைத்தாளில் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யுடிஎஃப்-8 முறை ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணுக்கும் மூன்று பைட்டுகள் ஒதுக்குவதால் பதினைந்து. மூன்று விடைகளும் அவற்றின் அளவில் சரியே. எந்த எழுத்தை எண்ணுகிறோம் என்று சொல்லாமல் அட்டவணையிடுவதே பிழை.

கொடி என்னும் சொல்லைத் தேடுவோர்க்கு வேறொரு கண்ணி காத்திருக்கிறது. ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலுமாக இரு குறியெண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. கிரெப்புக்கு அவை இரு வேறு சொற்கள். ஒரு வடிவத்தைத் தேடியவர் மற்றதை முற்றாகத் தவறவிடுவார், தவறவிட்டதையும் அறியார். உரையை முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே எண்ணத் தொடங்கவேண்டும் என்பது இதனால் பெறப்படும் நெறி.

மூன்றாவது சிக்கல் வரிசை பற்றியது. மரம், மலர், மழை, மறம், மனம் என்னும் ஐந்து சொற்கள் தமிழ் அகராதியில் இவ்வரிசையில்தான் நிற்கும். ர, ல, வ, ழ, ள, ற, ன என்பது நெடுங்கணக்கு. சார்ட் கட்டளையைக் குறியெண் வரிசைப்படி இயக்கினால் மனம், மரம், மறம், மலர், மழை என்று அடுக்கித் தருகிறது. கடைசி எழுத்தாகிய னகரம் நகரத்துக்கு அடுத்தும், றகரம் ரகரத்துக்கு அடுத்தும், ளகரமும் ழகரமும் லகரத்துக்கு அடுத்தும் வந்துவிடுகின்றன. மெய் முன்னும் உயிர்மெய் பின்னும் என்ற அகராதி முறையும் தலைகீழாகிறது. அகராதியில் அக்கா வந்த பிறகே அகம் வரும். கணினிக்கு அகம் முந்தி.

இவ்வரிசை எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால் வழி மீண்டும் புனேக்கே திரும்புகிறது. 1988இல் இந்திய அரசு புனேயில் சி-டாக் நிறுவனத்தை அமைத்தது. விஜய் பட்கர் தலைமையில் 1991இல் பரம் 8000 என்னும் மீக்கணினியை உருவாக்கியதற்காகவே அது பெரிதும் அறியப்படுகிறது. அங்கு நடந்த இன்னொரு பணி ஜிஸ்ட். கான்பூர் ஐஐடியில் பிறந்து, மோகன் தாம்பேயின் முயற்சியில் சி-டாக்குக்கு வந்த இத்தொழில்நுட்பம் இந்திய எழுத்துகளைச் சாதாரணக் கணினியில் காட்டியது. அதன் அடிப்படை இஸ்கி என்னும் குறியீட்டுத் தரம். மத்திய மின்னணுவியல் துறையின் முயற்சியில் 1988இல் திருத்தம் பெற்று, 1991இல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஏற்பைப் பெற்ற தரம் அது.

பிராமியிலிருந்து கிளைத்த எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே கட்டம் என்பதே இஸ்கியின் கொள்கை. எழுத்துருவை மாற்றினால் நாகரியில் உள்ள சொல் தமிழிலோ தெலுங்கிலோ தானே எழுத்துப்பெயர்ப்பாகிவிடும். பல மொழி நாட்டின் அரசு அலுவலுக்கு இது பெரும் பயன். ஆனால் கட்டத்தின் அடிவரிசை நாகரியினுடையது. அதில் இல்லாத தமிழ் எழுத்துகள், நாகரியில் அவற்றைப் புள்ளியிட்டுக் குறிக்கும் இடங்களிலேயே அமர்த்தப்பட்டன. ன என்பது ந என்பதன் புள்ளியிட்ட வடிவம் என்னும் நாகரிப் பார்வை தமிழ்க் கட்டத்துக்குள் இவ்வாறு புகுந்தது. யூனிகோடு 1988ஆம் ஆண்டின் இஸ்கி அமைப்பை அடியொற்றியே இந்திய எழுத்துகளுக்குக் குறியெண் வழங்கியது. குறியெண் ஒருமுறை வழங்கப்பட்டால் மாற்றப்படுவதில்லை. ஆகவே இன்று உலகின் எந்த மூலையிலும் சார்ட் கட்டளை தமிழ்ச் சொற்களைக் குறியெண் வரிசையில் அடுக்கும்போது, அந்தக் கட்டத்தின் அடிவரிசையே வெளிப்படுகிறது.

இதைச் சதியென்று கருதவேண்டியதில்லை. குறியெண் வரிசையும் அகரவரிசையும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று யூனிகோடு கோரவுமில்லை. வரிசைப்படுத்தும் விதியைத் தனியே தரலாம். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடோடு டேஸ்16 என்னும் அனைத்தெழுத்துக் குறியீட்டையும் தரமாக அறிவித்ததற்குப் பின்னால் இச்சிக்கல்களைப் பற்றிய நெடிய விவாதம் இருந்தது. தமிழ் எழுத்தை எழுத்தாகவே எண்ணும் ஓப்பன்-தமிழ் போன்ற திறந்த நிரலகங்களும் வந்துள்ளன. மாணவர் செய்யவேண்டியது ஒன்றே. தம் கருவி எந்த விதியைப் பின்பற்றியது என்பதை அறிந்து, அதை எழுதி வைக்கவேண்டும்.

*

கட்டளைவரியின் பயன் வேகம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஒரு கோடிச் சீட்டை எண்ணிப் பார்த்தால் வேகம் சிறு பயன் அன்று. ஆயினும் உரையாய்வாளருக்கு அதைவிடப் பெரிய பயன் இட்ட கட்டளை எழுத்தாக எஞ்சுவது. சுட்டியால் பட்டியலைத் திறந்து, தெரிவு செய்து, சொடுக்கிப் பெற்ற எண்ணுக்கு வழித்தடம் இல்லை. அதைச் செய்தவரே மறுமாதம் அதே எண்ணைப் பெறமுடியாமல் திகைப்பதுண்டு. கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதிவைத்தால் அது ஷெல் நிரலாகும். மூல உரையையும் அந்நிரலையும் சேர்த்துக் கொடுத்தால் எவரும் அதே எண்ணிக்கையைப் பெறலாம், ஏற்காவிட்டால் ஒரு வரியை மாற்றி வேறு எண்ணிக்கையைப் பெறலாம். சுக்தங்கரின் அடிக்குறிப்பு பாடத்துக்குச் செய்ததை இந்நிரல் எண்ணிக்கைக்குச் செய்கிறது.

சீட்டுக் கூடத்தின் ஒழுக்கமும் இங்கே தேவை. நீக்கும் கட்டளைக்குக் குப்பைத்தொட்டி கிடையாது, போனது போனதுதான். ஒரு கோப்பை வரிசைப்படுத்தி அதே கோப்பிலேயே திருப்பி எழுதச் சொன்னால், சார்ட் படிக்கத் தொடங்கும் முன்பே ஷெல் அக்கோப்பை வெறுமையாக்கிவிடும். மாதக்கணக்கில் அடித்துத் திருத்திய உரை ஒரு நொடியில் மறையும். மூலத்தைத் தொடாமல் படியெடுத்து வேலைசெய்தல், மூலக் கோப்பை எழுதமுடியாததாகப் பூட்டிவைத்தல், ஒவ்வொரு படிக்கும் தனிப் பெயரிடுதல் ஆகிய மூன்றும் முதல்நாளே கற்கவேண்டியவை. சுவடியின்மேல் மைபடாமல் தனித்தாளில் ஒப்பிட்டெழுதிய அறிஞர்கள் அறிந்திருந்த நெறி இது.

கற்பதற்கான வாயில்களும் முன்போல் அடைபட்டு இல்லை. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டியூடோரியல் திட்டம் லினக்ஸ், பேஷ் பாடங்களைத் தமிழ்க் குரலிலும் இலவசமாகத் தருகிறது. மொழியியல், இலக்கியப் பாடத்திட்டங்களில் இவற்றுக்கு இரண்டு வார இடம் ஒதுக்குவது பெரிய சுமையாகாது. சுவடியியல் கற்பிக்கும் துறை கட்டளைவரியையும் கற்பிக்கலாம், இரண்டும் ஒரே அறிவின் இரு பக்கங்கள்.

எரவாடாக் கூடத்தின் சீட்டுகளைப் பொறுமையாக அடுக்கியவர்கள் எந்தச் சொல் எங்கே நிற்கவேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்தனர். அவர்களுடைய கையெழுத்து சீட்டில் இருக்கிறது. இன்றைய மாணவருக்காக அந்த முடிவைக் கருவி எடுத்துவிடுகிறது, அந்த வரிசையை முடிவு செய்தவர் கையெழுத்து எங்கும் தெரிவதில்லை. மனம் ஏன் மரத்துக்கு முன்னே வந்தது என்று கேட்கத் தெரிந்த மாணவரே அக்கருவியைத் தம்முடையதாக்கிக்கொள்கிறார்.